காலடியில் ஒரு நாற்றுமுடி

1

இந்தக் கதையில் மழை பெய்ததா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வால்டர் தூறல் என்றார். அவருடைய தங்கை ரோசி, அன்றைக்கு நல்ல வெயில், காலையில் போட்ட துணி மதியத்துக்குள் காய்ந்துவிட்டது என்றார். இருவரும் சொன்னது ஒரே நாளைப் பற்றித்தான். இதில் இன்னொரு சிக்கல், தூறல் என்றவர் ரோசியாகவும் வெயில் என்றவர் வால்டராகவும்கூட இருக்கலாம். கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன.

கதை கிடைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒரு வாசகசாலை இருந்தது. மதிய வேளையில் அங்கே இரண்டே பேர்தான் இருப்போம். நான் ஒருவன். எனக்கு எதிரே, நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு அதைப் படிக்காமல் இருக்கும் ஒரு பெரியவர் மற்றவர். அவர்தான் வால்டர். பேசாமல் இருப்பதில் எங்களுக்குள் ஒரு நல்ல உறவு ஏற்பட்டிருந்தது. ஒரு நாள் அவர் நாளிதழைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஒரு நிறுவனத்தின் விளம்பரம். பொருள் வடிவமைப்பாளர்கள் தேவை, இளைஞர்களாக இருக்க வேண்டும், விவசாய வேலையில் நேரடி அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

"இத்த நம்பாதீங்க" என்றார்.

அன்று அவர் பேசியது அவ்வளவுதான். மீதியைச் சொல்ல அவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. விட்டுப்போன இடங்களை, அடுத்த தெருவில் இருந்த ரோசியிடம் கேட்டு அடைத்தேன். அடைத்த இடங்கள்தான் இப்போது தனியாகத் தெரிகின்றன.

2

தொடக்கங்கள்.

"1972ஆம் ஆண்டு திருவொற்றியூரில், விவசாயக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில்—" இது அறிக்கை. விட்டுவிட்டேன்.

"எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நிழல் வள்ளூர்க் கழனியின் மேல் நீண்டு—" நிழல் அவ்வளவு தூரம் விழாது. அழகுக்காக எழுதியது. விட்டுவிட்டேன்.

"வால்டர் பொய் சொன்னான்."

இது நிற்கிறது. (வாசகசாலையில் அவர் 'அவர்'. கதையில் அவன் இருபத்துச் சொச்சம் வயதுப் பையன். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். 'அவர்' என்று எழுதினால் பொய் சொல்லும் இடத்தில் கை தயங்குகிறது.)

3

வால்டர் பொய் சொன்னான். சொன்ன இடம், அந்தத் தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வு. கேட்டவர் வடிவமைப்புப் பிரிவின் மேலாளர் பரசுராமன்.

பரசுராமனுக்கு ஒரு கொள்கை இருந்தது. சேற்றில் நிற்காதவன் சேற்றுக்கான கருவியை வரையக் கூடாது. இந்தக் கொள்கைக்குக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் அவர் பிரிவு செய்த ஒரு களைக்கருவி, தொழிற்சாலைச் சிமெண்ட் தரையில் பிரமாதமாக ஓடி, கழனியில் இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்து இழுத்துக் கரையேற்ற வேண்டியிருந்தது.

"டிப்ளமா இருக்கு. வடக்கே போய் டிசைனும் படிச்சிருக்கீங்க. நல்லது" என்றார். "சேத்துல இறங்கி வேலை பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் சார்."

"எங்கே?"

"எங்க நிலத்துல, சார்."

வால்டரின் குடும்பத்துக்கு என்று இருந்த ஒரே நிலம் காசிமேட்டுக் கல்லறையில் இருந்தது. அதுவும் வாங்கியதல்ல. அப்பா தாமஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கண் மங்கி, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். ரோசி ஆசிரியப் பயிற்சியில் இருந்தாள். வால்டருக்கு அதுவரை கிடைத்திருந்த ஒரே வடிவமைப்பு வேலை, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திருகுக்குமிழை மாற்றி வரைந்தது. ஸ்டவ் கம்பெனி குமிழை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிட்டது.

பரசுராமன் அவனை எடுத்துக்கொண்டார். தற்காலிகமாக. கையால் இயக்கும் நடவுக் கருவி ஒன்றை அவன் வடிவமைக்க வேண்டும். அடுத்த சம்பா நடவில், நிஜக் கழனியில், விவசாய இலாகா அதிகாரி முன்னால் அது நட்டுக் காட்ட வேண்டும். அன்றைக்கு எல்லாம் சரியாகப் போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் வீட்டில் சம்பளம் என்று ஒன்று இல்லை. கதையில் பணயம் இவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை, மாதா மாதம் அரிசி.

4

இந்த இடத்தில் ஹுமாயூன் வருகிறார். ஹுமாயூனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கதாநாயகனுக்கு ஒரு தோழன் வேண்டும் என்ற நேரத்தில் மிகச் சரியாக வந்து நிற்கிறார். நானே உண்டாக்கிவிட்டேனோ என்று ரோசியிடம் கேட்டேன். "ஹுமாயூன் அண்ணனா? எங்க வூட்ல எத்தினி தபா சாப்ட்டுக்கீறாரு" என்றார். ஆகவே இருந்திருக்கிறார்.

மாதிரிக் கருவிகளைச் செய்து பார்க்கும் பட்டறையில் அவர் ஃபிட்டர். வால்டரின் முதல் வரைபடத்தைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாமு இது?"

"நடவுக் கருவி."

"எனுக்கு மண்ணெண்ணெ ஸ்டவ் மாதிரி கீது."

வால்டர் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னான். ஹுமாயூன் வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "பேஜாரு பண்ட்டியே தோஸ்து. சரி வுடு. நம்ம மச்சான் அத்திப்பட்டுல சைக்கிள் கடை வெச்சினு கீறான். வள்ளூர்ப் பக்கம் கழனி வேலைக்கு எப்பவும் ஆளு தேடினு இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை போ. கத்துக்கினு வா."

இப்படித்தான் ஒரு இளம் பொருள் வடிவமைப்பாளனுக்கு விவசாய அனுபவம் கிடைக்க ஆரம்பித்தது. ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லிவிட்ட அனுபவம்.

5

ஞாயிற்றுக்கிழமைகளில் வால்டர் மாதா கோயிலில் முதல் பூசை கண்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் ஏறி, அத்திப்பட்டில் இறங்கி நடப்பான். பை ஒன்றில் பழைய அரைக்கால் சட்டை.

வள்ளூரில் அவனைச் சேர்த்துக்கொண்டது மங்கம்மாவின் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு கழனி கழனியாக நடவுக்குப் போகிறவள். முதல் நாள் அவள் வால்டரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காலை மட்டும் இன்னொரு முறை பார்த்தாள்.

[மங்கம்மாவை நான் பார்த்ததில்லை. இந்த மாதிரிக் கதைகளில் சேற்றில் நிற்கும் பெண் வாயைத் திறந்தாலே ஒரு ஞானம் உதிரும் என்பது எனக்குத் தெரியும். வால்டரிடம் துருவித் துருவிக் கேட்டேன். அவள் முதலில் என்ன சொன்னாள்? "வெத்தல வெச்சிக்கிறியான்னு கேட்டாங்க" என்றார். அப்புறம்? "இல்லன்னேன். அப்ப எதுக்கு வந்தேன்னாங்க."]

"நான் நடணும்" என்றான் வால்டர்.

பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

"ஆம்பள நட்டா நாத்து வெக்கத்துல தல சாஞ்சிரும்" என்றாள் சிவந்தி. கூட்டத்தில் இளையவள், வாய் ஓயாதவள். "தாலி கட்டிக்கினு வா நைனா, அப்றம் நடலாம்."

நடவு பெண்கள் வேலை. ஆண்களுக்கு நாற்றங்கால். வால்டர் அங்கே போனான். நாற்றைப் பறித்து, வேரிலிருக்கும் மண்ணைத் தண்ணீரில் அலசி, ஒரு கைப்பிடி அளவுக்குக் கட்டினால் அது ஒரு முடி. முடிகளைச் சுமந்துகொண்டு போய், சேடை ஓட்டிச் சேறாக்கிய கழனியில், பெண்கள் பின்னால் நடந்து வரும் பாதையில் அங்கங்கே வீச வேண்டும். கையிலிருப்பது தீரும்போது அடுத்த முடி பின்னால் எட்டும் தூரத்தில் கிடக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். கையை மட்டும் நீட்டுவாள். முடி அங்கே இல்லையென்றால் திட்டு.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் வீசிய முடி ஒன்று சிவந்தியின் முதுகில் விழுந்தது. இன்னொன்று வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் கழனிக்குப் போய்விட்டது.

"பந்து வெளாட வந்துக்கீது பட்டணத்துப் புள்ள!"

"இன்னா நைனா, அந்தக் கழனிக்கும் சேத்துக் கூலி கேப்பியா?"

சில வாரங்களில் அவன் கை சரியாகிவிட்டது. எப்போது என்று அவனுக்கே தெரியவில்லை. திட்டு நின்றுவிட்டதை வைத்துத்தான் தெரிந்துகொண்டான். முடியை எடுப்பான், ஒரு உதறு, தண்ணீர் சிதறும், வீசுவான். அது போய் நிமிர்ந்தபடி உட்காரும். பெண்களுக்கு அவன் 'பட்டணத்துப் புள்ள' என்பதிலிருந்து 'நைனா'வாகி, பிறகு பெயரே இல்லாமல் போய்விட்டான். "இன்னும் ரெண்டு போடு" என்றால் அது அவனுக்கு.

அவனுடைய வரைபடமும் மாறியது. முதலில் கருவியை முன்னால் தள்ளும்படி வரைந்திருந்தான். தள்ளினால் நட்ட பயிரை நடுகிறவனே மிதிப்பான். இப்போது பின்னால் நடந்து இழுக்கும்படி மாற்றினான். ஹுமாயூன் அதற்கு 'நண்டு' என்று பெயர் வைத்தார். நண்டு பக்கவாட்டில் அல்லவா போகும் என்று வால்டர் கேட்டான். "கடல் நண்டு அப்டிப் போவும் மாமு. இது கம்பெனி நண்டு" என்றார்.

6

இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் அடுத்தது புரியாது.

தாய் இருதயம்மாள், மகன் கால் கழுவும்போது பின்னால் வந்து நின்றார்.

"இன்னாடா காலு இது? நெகம் பூரா கலீஜா கீது."

"ஒண்ணுமில்லமா."

"பூசை கண்டியா?"

"மொத பூசையே கண்டேன்."

"கோயில்ல சேறு எங்கடா கீது?"

வால்டர் இன்னொரு சொம்பு தண்ணீரைக் காலில் ஊற்றினான்.

"எங்கனா எவளாச்சும் கீறாளா? இருந்தா சொல்லிடு. நம்ம வேதக்காரியா? அத்த மட்டும் சொல்லிடு."

உள்ளே ரோசி சிரித்துவிட்டாள். வால்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நேர்முகத்தில் கேட்டது, நிலம் இருக்கிறது என்றது, வள்ளூர், மங்கம்மா, நாற்றுமுடி. ஒரு பெண் இருப்பதாகச் சொல்லியிருந்தால் இருதயம்மாள் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

"எங்க தாத்தாவுக்கு ஒரு பண்ணையில வேலை. கூலின்னு ஒண்ணும் கெடயாது, சோறுதான். ராவோட ராவா ஓடியாந்து ஆர்பர்ல மூட்ட தூக்குனாரு. அந்தச் சேறு காலுல படக் கூடாதுன்னு தான் இந்த ஊரு. நீ படிச்சிட்டு அங்க போயி நின்னுகினு கீறே."

"வேலைக்குத்தாம்மா."

"அவரும் வேலைக்குத்தாண்டா நின்னாரு."

அப்பா தாமஸ், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதாக எதுவும் கிடைக்கவில்லை. ஏதாவது சொல்லவைக்கலாம் என்று இரண்டு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். இரண்டும் தாமஸ் பேசுவதுபோல் இல்லை, நான் பேசுவதுபோல் இருந்தன.

ஆக, நிலம் இருக்கிறது என்றது பொய். பரம்பரையாகச் சேற்று அனுபவம் உண்டு என்று சொல்லியிருந்தால் அது உண்மை. ஆனால் நேர்முகத் தேர்வில் அந்த உண்மைக்கு மதிப்பெண் உண்டா என்று வால்டருக்குத் தெரியவில்லை. பரசுராமனுக்கும் அதுவரை தெரிந்திருக்காது.

7

செயல்விளக்கம் புதன்கிழமை என்று முடிவானது. இடம் பார்க்கும் பொறுப்பைப் பரசுராமன் ஹுமாயூனிடம் கொடுத்தார். ஹுமாயூன் பார்த்த இடம் வள்ளூர். நடவுக்கு அமர்த்திய கூட்டம் மங்கம்மாவுடையது.

"யோவ், வேற கழனியே கெடைக்கலயா?" என்றான் வால்டர்.

"எனுக்குத் தெரிஞ்ச கழனி அது ஒண்ணுதான் மாமு. நம்ம இன்னா, ஜமீனா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வால்டர் மங்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டான். புதன்கிழமை தன்னைத் தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்றான்.

"தெரியாத ஆளுன்னா மடக்குவோமே" என்றாள் மங்கம்மா.

இந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நடவு நடக்கும் கழனிப் பக்கம் வெளியாளோ, நிலத்துக்காரரோ, வெள்ளைச் சட்டை போட்ட யாரோ வந்தால், பெண்கள் வரப்பில் ஏறி மறித்து அவர் காலடியில் ஒரு நாற்றுமுடியை வைப்பார்கள். வைத்தால் ஏதாவது இனாம் கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. வேலை செய்கிறவர்கள் காலடியில் யாரும் வைப்பதில்லை. ஒரு மனிதன் வரப்பின் மேலே உள்ளவனா, கீழே உள்ளவனா என்பதை அந்த முடி ஒரு நொடியில் சொல்லிவிடும்.*

"மடக்குங்க" என்றான் வால்டர். "நான் காசு தர்றேன். மத்தவங்களுக்கு எப்பிடியோ அப்பிடியே எனக்கும்."

மங்கம்மா வெற்றிலையைத் துப்பினாள். "ஒனக்கா? சிரிப்பு வருமே நைனா."

"சிரிக்காதீங்க. என் வேலை போயிடும்."

"சரி, சிரிக்கல" என்றாள் அவள். இதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று வால்டரிடம் கேட்டேன். அவர் நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.

* வரப்பின் மேல் நின்று கதை எழுதுகிறவனுக்கும் இது பொருந்தும். என் காலடியில் யாரும் எதையும் வைக்கவில்லை, நான் அங்கே இல்லை என்பதால்.

8

புதன்கிழமை. தூறல், அல்லது வெயில்.

தொழிற்சாலை வேனிலிருந்து பரசுராமனும், விவசாய இலாகா அதிகாரியும், வால்டரும் இறங்கினார்கள். ஹுமாயூன் நண்டைச் சாக்கில் சுற்றிக் கூட்டிவந்திருந்தார். வால்டர் வெள்ளைச் சட்டை, கால்சட்டை. செருப்பைக் கழற்றி வரப்போரம் விட்டான். பரசுராமனும் கழற்றினார். அதிகாரிக்கு அந்த யோசனை கொஞ்சம் தாமதமாக வந்தது.

பெண்கள் கழனியிலிருந்து ஏறி வந்தார்கள். மங்கம்மா பரசுராமனின் காலடியில் ஒரு முடியை வைத்தாள். அவர் தம் ஊர் நினைவு வந்தவர்போல முகம் மலர்ந்து, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்குச் செங்கல்பட்டுப் பக்கம் நிலம் உண்டு. அடுத்து அதிகாரி. "என்ன இது?" என்று பின்வாங்கினார். பரசுராமன் விளக்கினார். அதிகாரியும் கொடுத்தார்.

பிறகு மங்கம்மா வால்டர் முன்னால் வந்தாள். முகத்தைக் கல்லாக வைத்திருந்தாள். பேசிவைத்தபடியே, மற்றவர்களுக்கு வைத்த மாதிரியே, குனிந்து அவன் காலடியில் முடியை வைத்தாள். "சாமி" என்றாள். பின்னால் சிவந்தி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

வால்டர் குனிந்தான்.

(இந்த வாக்கியத்துக்குப் பிறகு நான் பல நாள் எதுவும் எழுதவில்லை.)

அவன் செய்ய வேண்டியது, சட்டைப் பையிலிருந்து காசை எடுப்பது. அவன் செய்தது, முடியை எடுத்தது. எடுத்து ஒரு உதறு உதறினான், தண்ணீர் அதிகாரியின் சட்டையில் தெறித்தது. அப்படியே கழனிக்குள் வீசினான். கழனிக்குள் ஒரே ஒரு பெண் மட்டும் மேலே வராமல் தன் பாட்டுக்கு நட்டுக்கொண்டிருந்தாள். முடி அவளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவள் திரும்பவில்லை. கையை நீட்டி எடுத்தாள். பிரித்தாள். நட்டாள்.

பிறகு சிவந்தியால் அடக்க முடியவில்லை.

"ஐயோ நைனா! ஒன்ன இனாம் குடுக்கச் சொன்னா கூலி வேல பாத்துட்டியே!"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மங்கம்மாவும் சிரித்தாள், வாக்குக் கொடுத்திருந்தும். ஹுமாயூன் சாக்கை அவிழ்ப்பதில் மிகவும் மும்முரமாக இருந்தார்.

நண்டு இறங்கியது. இரண்டு வரிசை நன்றாக நட்டது. மூன்றாவதில் வேர் சிக்கிக்கொண்டு, நாற்றைப் பிடிக்கும் இரும்பு விரல்கள் அசையவில்லை. ஹுமாயூன் சுத்தியலால் தட்டினார், மறுபடி நட்டது. அதிகாரி பரவாயில்லை என்றார். பரசுராமன் கருவியைப் பார்க்கவில்லை. வால்டரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

9

திரும்பும்போது அதிகாரி மீஞ்சூரில் இறங்கிக்கொண்டார். ஹுமாயூன் முன்னால், டிரைவர் பக்கத்தில். பின்னால் இருவர்.

கத்திவாக்கம் தாண்டியதும் பரசுராமன் ஆரம்பித்தார்.

"மிஸ்டர் வால்டர். எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா நிலம் இருக்கு. எங்க அப்பா ஒரு நாள்கூட முடி வீசினதில்ல. நானும் வீசினதில்ல. நிலம் வெச்சிருக்கிறவன் வீசறதில்ல."

"ஆமா சார்" என்றான் வால்டர்.

"ரொம்ப நல்லா வீசினீங்க."

வால்டர் நகத்திலிருந்த சேற்றைச் சுரண்டினான்.

"அந்த அம்மாக்களுக்கு உங்கள நல்லாவே தெரியும் போல."

"தெரியும் சார்."

அதன் பிறகு திருவொற்றியூர் வரை மௌனம். அந்த மௌனம் எப்படிப்பட்டது என்று வால்டரிடம் கேட்டேன். மௌனத்தைப் பற்றிக் கேட்டால் அவர் எனக்கு மௌனத்தையே பதிலாகத் தருவார். இந்த முறை ஒரு வாக்கியம் தந்தார்: "அவரு கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

பரசுராமன் கோபப்படவில்லை. அநியாயமும் செய்யவில்லை. தம் கொள்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். சேற்றில் நின்றவன் வேண்டும் என்றார், நின்றவன் கிடைத்துவிட்டான். வால்டரின் வேலை அடுத்த மாதமே நிரந்தரமானது. வடிவமைப்புப் பிரிவில் அல்ல. செயல்விளக்கப் பிரிவில். ஊர் ஊராகக் கருவியை எடுத்துப் போய்க் கழனியில் இறங்கி நட்டுக் காட்டும் வேலை.

"உங்கள மாதிரி ஆளு டிராயிங் போர்டு முன்னால உக்காந்து வீணாகக் கூடாது" என்றார் பரசுராமன். அவர் இதை மனமாரச் சொன்னார் என்றுதான் வால்டர் இன்றும் நினைக்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன். அதுதான் இதில் சங்கடம்.

வரைபலகைக்கு ஒரு புதுப் பையன் வந்தான். அவனிடம் சேற்றைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். யாருக்கும் நினைவில்லை.

10

ஆக, மீதி இருப்பது ஒரே கேள்வி. வால்டர் அந்த முடியை ஏன் எடுத்து வீசினான்?

வால்டர் சொல்வது: மறந்துவிட்டேன். காலடியில் முடி இருந்தால் எடுத்து வீச வேண்டும் என்று கைக்குப் பழகியிருந்தது. கை என்னைக் கேட்கவில்லை.

ரோசி சொல்வது வேறு. "மறந்தானா? வால்டரா? அன்னிக்கு அவன் சட்டய தொவச்சதே நான்தான். பையில காசு அப்டியே மடிச்ச காயிதத்துல இருந்துச்சு. நெனப்பா எடுத்துக்கினு போனவன், நெனப்பாத்தான் குடுக்காம வந்தான்."

"ஏன்?"

"அம்மா சொன்னதத்தான் கேட்டீங்களே. அப்றமும் ஒரு பொம்பள அவன் காலுல குனிஞ்சி முடி வெச்சி சாமின்னா, பாத்துகினு நிப்பானா?"

இதை நான் வால்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாளிதழை மடித்தார். "ரோசி டீச்சரு. எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் வெச்சிருக்கும்" என்றார். காசு பையிலேயே இருந்தது என்பதை மறுக்கவில்லை. மறந்துவிட்டால் பையில்தானே இருக்கும் என்றார்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். மறதி என்று எழுதினால், சிரிக்கலாம். ஒரு இளைஞன் இல்லாத அனுபவத்தை இருப்பதாகச் சொல்லி, பிறகு அதை அளவுக்கு மீறிப் பெற்று, அதனாலேயே தான் விரும்பிய வேலையை இழந்தான். தெரிந்தே செய்தான் என்று எழுதினால் கதை தலை நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அது வால்டரைக் கேட்காமல் அவருக்குச் சிலை வைப்பதுபோல் இருக்கிறது. அந்தச் சிலைக்கு அடியில் ஒரு குடும்பத்தின் அரிசி இருந்தது என்பதை நான் மறந்துவிட வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று எழுத ஆரம்பித்தேன். "கை முடியைத் தொட்டபோது அவனுக்கு நினைவு வந்தது, வந்த பிறகும் அவன்—" இதை முடிக்கவில்லை. ஒரு வேளை இதுதான் உண்மையாக இருக்கலாம். ஆனால் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். வரப்பில் வெள்ளைச் சட்டையோடு நில்லுங்கள். உங்களைத் தெரிந்த ஒருத்தி, தெரியாத மாதிரி குனிகிறாள். பையில் காசு இருக்கிறது. நீங்கள் எதை முடிவு செய்தாலும் வால்டரின் வேலை மாறியது மாறியதுதான். அதனால் தைரியமாக முடிவு செய்யலாம்.

11

இனி, யார் யார் என்ன ஆனார்கள் என்பது மட்டும்.

நண்டு சந்தைக்கு வரவில்லை. புதுப் பையன் அதை முன்னால் தள்ளும்படி மாற்றி வரைந்தான். அந்த மாதிரியும் வரவில்லை. தொழிற்சாலை பிறகு மருந்தடிக்கும் தெளிப்பான்களை மட்டும் செய்தது, பின்னால் அதையும் நிறுத்தியது.

பரசுராமன் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்.

ஹுமாயூன் சொந்தமாக லேத் பட்டறை வைத்தார். நன்றாக நடந்தது. இப்போது மகன்கள் நடத்துகிறார்கள்.

மங்கம்மா பாம்பு கடித்து இறந்ததாக ஒருவர் சொன்னார், மகள் வீட்டுக்குப் பொன்னேரி போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். சிவந்தியைப் பற்றித் தெரியவில்லை.

தாமஸ் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். இருதயம்மாள் அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தார். மகன் வெளியூர் போய் வரும்போதெல்லாம் வாசலிலேயே கால் கழுவத் தண்ணீர் வைத்திருப்பார், எங்கே போனாய் என்று கேட்க மாட்டார்.

ரோசி ஆசிரியையாகி, தலைமை ஆசிரியையாகி, ஓய்வு பெற்றார்.

வால்டர் செயல்விளக்கப் பிரிவிலேயே கடைசிவரை இருந்தார். தமிழ்நாட்டில் அவர் இறங்காத கழனி குறைவு. திருமணம் செய்துகொண்டார், இரண்டு பெண்கள். ராயபுரத்தில் அவர் வீட்டுக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட் தரை. ஒரு துளசிச்செடி அளவுக்குக்கூட எங்கும் மண் இல்லை.